பலகைப் போரும் மலைநாட்டுப் போரும்

கண்டி மாநகரை மூன்று புறமும் வளைத்தோடும் மகாவலி கங்கை, பேராதனையையும் கன்னொறுவையையும் கடந்து வடக்கே சென்று, கட்டுகஸ்தோட்டையில் கிழக்கு நோக்கித் திரும்பி, வத்தப்புழுவைத் துறையைத் தொட்டு, குண்டசாலையை அடைகின்றது. 1707 முதல் 1739 வரை கண்டியரசை ஆண்ட சிறீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் இங்கே கங்கைக்கரையில் அரண்மனை எடுத்து உறைந்தமையால், 'குண்டசாலை அரசன்' என்றே மக்கள் அவனை வழங்கினர். மதுரையிலிருந்து பெண்கொண்ட அம்மன்னன் பட்டத்துக்குரிய மகவின்றி இறந்தபின், அவன் தேவியின் உடன்பிறந்தான் சிறீ விசய இராசசிங்கன் என்னும் பெயருடன் அரசு கட்டில் ஏறினான். கண்டியின் நாயக்க மரபு அவ்வாறு தொடங்கிற்று. இச்செய்தியைப் பாடநூல்கள் கூறும். ஆனால் தலைநகரை ஆறு வளைத்து நின்ற அந்நில அமைப்பு இருநூற்றாண்டுக் காலம் ஐரோப்பியப் படைகளை எவ்வாறு ஆட்டிவைத்தது என்பதை அவை விரித்துரைப்பதில்லை. கண்டிப் போர்களின் வெற்றி தோல்விகளை வீரம், துரோகம் என்னும் இரு சொற்களால் அளந்து முடித்துவிடுதலே வழக்கமாயிற்று. நகர்வு என்னும் மூன்றாம் சொல் ஒன்று உண்டு. அதனைத் தெளிவாகக் காண விழைவோர்க்கு, போரை மேசைமேல் ஆடிப் பார்க்கும் விளையாட்டுகளின் வரலாறு ஒரு நல்ல கண்ணாடியாகும்.

படை நடப்பதைத் தனிப்பொருளாகக் கருதும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் புறத்திணைகளை ஏழாக வகுத்தபோது, ஆநிரை கவர்தலுக்கு வெட்சியையும், எயில் முற்றுதற்கு உழிஞையையும், எதிர்நின்று பொருதற்குத் தும்பையையும் வைத்து, மண்ணாசை கொண்டு பகைவர்மேற் செல்லும் செலவுக்கு வஞ்சி என ஒரு திணையே தந்தது. சண்டை வேறு, சண்டைக்குச் செல்லும் செலவு வேறு என்னும் தெளிவு அதில் உண்டு. எனினும், தோற்று மீளும் படையின் செலவுக்கென அங்கே ஒரு திணை இல்லை. புறங்கொடுத்தலைப் பழியாகக் கருதிய காலத்தில் அதற்கு இலக்கணம் வகுக்க எவரும் முற்படவில்லை போலும். கண்டி மலைகளிலோ அந்தப் பெயரில்லாத திணையே பெரும்பாலும் ஆடப்பட்டது.

சதுரங்கம் என்னும் பெயர் யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகை உறுப்புகளால் வந்தது. ஏழாம் நூற்றாண்டில் பாணர் இயற்றிய ஹர்ஷசரிதத்திலேயே அதன் குறிப்பு உளது. இவ்வாட்டத்தின் உயிர் ஒவ்வொரு காயும் நகரும் முறையிலேயே இருக்கின்றது. தேர் நேர்கோட்டில் ஓடும். குதிரை பிறர் தலைமேல் தாவும். காலாள் முன்னோக்கியன்றிச் செல்லான். வலிமை என்பதற்கு இப்பலகையில் வேறு பொருளே இல்லை. எத்தனை கட்டங்களை ஒரு காய் எட்டுகின்றதோ அதுவே அதன் வலிமை. பழைய ஆட்டத்தில் மந்திரி குறுக்கே ஒரு கட்டம் மட்டுமே நகர்ந்தான். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் அக்காயை இராணியாக்கி, எத்திசையும் எவ்வளவு தூரமும் செல்ல விட்டனர். காய்களின் எண்ணிக்கை மாறவில்லை, பலகை மாறவில்லை, நகர்வு விதியொன்று மாறிய அளவிலே ஆட்டமே வேறாகிவிட்டது.

ஆயினும் சதுரங்கப் பலகையில் நிலம் இல்லை. கறுப்புக் கட்டமும் வெள்ளைக் கட்டமும் ஒன்றே. மலையும் ஆறும் மழையும் அங்குப் புகா. இருபக்கத்தாரும் ஒத்த படையுடன் தொடங்குவர். கண்டிப் போரை அப்பலகையில் ஆட முயல்வோன் ஏமாற்றமடைவான்.

கோயில் மண்டபத்துக் கற்றளங்களில் கோடு கீறி ஆடப்பட்ட ஆடுபுலி ஆட்டமோ வேறு வகையினது. இருபத்துமூன்று சந்திகள்; மூன்று புலி; பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து அதனை வெட்டும். ஆடு புலியை ஒருகாலும் வெட்டமாட்டாது. அவ்வாறாயின் ஆடு வெல்வதெப்படி? புலி நகர இடமின்றி அடைத்துவிட்டால் ஆடு வென்றது. கொல்லும் ஆற்றல் ஒரு பக்கத்திலும், வழியடைக்கும் ஆற்றல் மறுபக்கத்திலும் இருக்க, இரண்டும் சமமாக எடைபோடப்பட்ட ஆட்டம் இது. இலங்கைத் தொல்பொருளையும் விளையாட்டுகளையும் ஆராய்ந்த ஹென்றி பாக்கர் 1909இல் வெளியிட்ட தம் நூலில், சிங்கள மக்களிடையே இவ்வினத்து ஆட்டமொன்று 'தெமள திவியன் கெளிய', அதாவது தமிழ்ச் சிறுத்தை ஆட்டம், என வழங்குவதைக் குறித்துள்ளார். அயலாரின் ஆட்டம் என்று பெயரிட்டே அதனைத் தமதாக்கிக்கொண்டனர். புலியாட்டத்தை அறிந்தவனுக்கு மலைநாட்டுப் போரின் இலக்கணம் பாதி தெரிந்ததாகும். மறுபாதிக்கு ஐரோப்பாவுக்குச் செல்லவேண்டும்.

1780இல் பிரன்சுவிக் நகரத்து ஆசிரியர் ஹெல்விக் என்பார், சதுரங்கப் பலகையை விரித்து, கட்டங்களுக்கு மலை, சதுப்பு, ஆறு எனப் பண்பு கொடுத்துப் போராட்டமொன்றை அமைத்தார். பிரசிய நாட்டு றைஸ்விட்ஸ் 1812இல் தம் அரசர்க்கு ஒரு மேசையைக் காட்டினார். நிலத்தின் மேடுபள்ளங்கள் வார்க்கப்பட்ட துண்டுகள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. அவர் மகன், படை அதிகாரியாயிருந்த இளைய றைஸ்விட்ஸ், 1824இல் அதைத் திருத்தி, கட்டங்களையே நீக்கிவிட்டு, 1:8000 அளவிலமைந்த நிலப்படத்தின் மீது ஆடச் செய்தார். அவர் செய்த பெரிய மாற்றம் அளவையைப் பற்றியது. ஒரு முறை என்பது இரண்டு நிமிடம் என அவர் விதித்தார். ஒரு படைப்பிரிவு இரண்டு நிமிடத்தில் எவ்வளவு நடக்குமோ அவ்வளவே அதன் காய் நகரலாம். நடைக்கும் ஓட்டத்துக்கும் வெவ்வேறு அளவுகள் வைத்தார். தூரத்தைக் காலத்தால் அளந்தமையே இதன் சிறப்பு.

காலத்தாலும் குரலாலும் தூரத்தை அளத்தல் இந்நாட்டார்க்கு இயல்பானது. தமிழர் 'கூப்பிடுதூரம்' என்றனர். சிங்களவர் கூவும் ஓசை எட்டும் தொலைவை ஓர் அளவாக வழங்கினர். சமவெளியில் மைல் என்பது பொருளுள்ள சொல். ஏற்றமும் இறக்கமுமான மலையில் 'எவ்வளவு தூரம்' என்பதைவிட 'எவ்வளவு நேரம்' என்பதே வழிப்போக்கனுக்குப் பயன்படும்.

இளைய றைஸ்விட்ஸின் ஆட்டத்தில் இன்னொரு நுட்பமும் இருந்தது. இருபக்கத்தாரும் ஒருவரையொருவர் காணாது தத்தம் கட்டளைகளை நடுவரிடம் கொடுப்பர். நடுவர் யார் எதைக் காணமுடியுமோ அதை மட்டும் படத்தில் வைப்பார். பகைவன் எங்கே நிற்கின்றான் என அறியாமல் நகரவேண்டிய அச்சம் முதன்முறையாக மேசைமேல் ஏறிற்று.

இவ்வாட்டம் படைக்கல்லூரிகளிலிருந்து வீடுகளுக்கு வந்த கதை நீண்டது. ஈண்டுச் சுருங்கச் சொன்னாற் போதும். எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைப் படைகளைத் தரையில் நிறுத்தி ஆடும் முறையொன்றை நூலாக்கினார். காலாள் ஓரடி, குதிரைவீரன் ஈரடி என அவர் அளவு வைத்தார். அமெரிக்காவில் சார்ள்ஸ் றொபேட்ஸ் 1954இல் அட்டைப் பலகைப் போராட்டங்களை விற்பனைக்குக் கொணர்ந்தார். சில ஆண்டுகளில் சதுரக் கட்டங்களுக்குப் பதிலாகத் தேனடை போன்ற அறுகோணக் கட்டங்கள் புகுந்தன. 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் இடைக்காலப் போர்களுக்குரிய பொம்மைப்படை விதிகளை வெளியிட்டனர். அவற்றின் அடிப்படையில், டேவ் ஆர்னசன் என்பாருடன் கைகாக்ஸ் ஆக்கிய 'டன்ஜியன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' 1974இல் வெளிவந்தது. பாத்திரமேற்று ஆடும் மேசைவிளையாட்டு என இன்று உலகெங்கும் பரவியுள்ள இனத்தின் முதல் நூல் அதுவே.

இதனை ஆடுவோர் நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சூழ்ந்திருப்பர். ஒவ்வொருவரும் படையை அன்று, ஒரு தனி மனிதனை நடத்துவர். அவன் வீரனாகவோ கள்வனாகவோ மந்திரவாதியாகவோ இருக்கலாம். ஒருவர் நடுவராக இருந்து உலகத்தைச் சொல்லால் விரிப்பார். ஐயமான செயல்களைத் தாயக்கட்டைகள் முடிவுசெய்யும். கூத்துக்கும் சூதுக்கும் இடைப்பட்டது போலத் தோன்றும் இவ்விளையாட்டில், வாளுருவிய உடனே பழைய பிரசிய மேசை திரும்பிவிடுகின்றது. யார் முதலில், எவ்வளவு தூரம், எந்நிலத்தில், யாரைக் கடந்து என்னும் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்.

முதல் நூலில் தூரம் அங்குலத்தாற் சொல்லப்பட்டது. கவசமற்றவனுக்கு 12, பாரமான கவசம் பூண்டவனுக்கு 6 எனப் பொம்மைப்படையின் வழக்கு அப்படியே தங்கிற்று. சுமையின் நிறை பொற்காசுகளால் அளக்கப்பட்டமை வேடிக்கையானது. புதையல் எடுக்கச் செல்வோர்க்கு அதைவிடப் பொருத்தமான படிக்கல் கிடையாதன்றோ! பின்வந்த பதிப்புகளில் ஐந்தடிச் சதுரங்கள் நிலைபெற்றன. 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி ஒரு சுற்று ஆறு வினாடி. சாதாரண மனிதன் அதற்குள் 30 அடி நகர்ந்து ஒரு செயலும் செய்யலாம். கணக்கிட்டால் நிமிடத்துக்கு 300 அடி, மணிக்கு ஏறத்தாழ மூன்றரை மைல். வேகமாக நடப்பவனின் நடைதான் இது. கற்பனை விளையாட்டாயினும் கால்கள் மெய்யான கால்களே. புதர், சேறு, கற்குவியல் ஆகியவற்றில் ஓரடி ஈரடியாகக் கணக்கிடப்படும். அப்போது மணிக்கு ஒன்றேமுக்கால் மைலுக்கும் குறைவு.

சதுரக் கட்டத்தில் மூலைவிட்டம் பக்கத்தைவிட நீளமானது என்பதைக் கணித மாணவர் அறிவர். குறுக்கே நடப்பவன் ஒரு கட்டத்துக்கு ஒரு கட்டமே கொடுத்தால் ஐந்தடியின் விலையில் ஏழடி பெற்றவனாகின்றான். 2000ஆம் ஆண்டுப் பதிப்பு இரண்டாவது குறுக்குக் கட்டத்தை இரண்டாக எண்ணி இக்களவை அடக்க முயன்றது. 2008ஆம் ஆண்டுப் பதிப்பு, எண்ணுவது தொல்லையென்று பிதாகரசை ஒதுக்கிவிட்டது. இதனைப் பெருங்குற்றமாகக் கொள்ளவேண்டியதில்லை. ஆட்டத்தில் எது மெய்யோடு ஒட்டவேண்டும், எது ஒட்டாவிடினும் கேடில்லை என்று தெரிந்துகொள்வதே விதி வகுப்போனின் திறம்.

ஆனால் ஒரு விதி எந்தப் பதிப்பிலும் முழுதாகக் கைவிடப்படவில்லை. பகைவனின் வாள் எட்டும் எல்லைக்குள் நின்றவன், அவ்வெல்லையை விட்டுக் காலெடுத்தால், பகைவனுக்கு ஓர் அடி இலவசமாகக் கிடைக்கும். அதைத் தவிர்க்க வேண்டுமாயின் அந்தச் சுற்றில் வேறெதுவும் செய்யாது, தன்னைக் காத்துக்கொண்டு பின்வாங்குதலையே தன் செயலாக்க வேண்டும். அணுகுவதற்கு விலையில்லை, அகலுவதற்கு விலையுண்டு. புதிதாக ஆடுவோர் இவ்விதியை அநீதி என்பர். எதிரியின் பக்கத்தில் போய் நிற்குமுன் மீளும் வழியை எண்ணவேண்டும் என்பதை இரண்டொருமுறை தோற்றபின் அறிந்துகொள்வர். வீழ்ந்த தோழன் ஒருவனைப் பற்றி இழுத்துச் செல்வோனின் வேகம் பாதியாகும் என்னும் விதியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

இனிக் கண்டிக்குத் திரும்பலாம். 1594ஆம் ஆண்டு யூலையில் பேரோ லோப்பஸ் டி சூசா என்னும் போர்த்துக்கேயத் தளபதி கண்டிநகரைப் பெரும் இடரின்றி அடைந்தான். இளவரசி தோனா கத்தரீனாவை அரசியாக்கி, அவள் பெயரால் ஆளலாம் என்பது எண்ணம். துணைநின்ற உள்நாட்டுத் தலைவன் ஜயவீர பண்டாரனை ஐயுற்றுக் கொன்றபோது, அவனைச் சார்ந்த லஸ்கரின் படைஞர் கலைந்தனர். ஒக்டோபரில் நகரைவிட்டு மேற்கே திரும்பிய படை தந்துறையில் சூழப்பட்டு அழிந்தது. வென்றவன் விமலதர்மசூரியனாக அரியணை ஏறினான். 1630இல் கொன்ஸ்தந்தீனு டி சா பதுளையை எரித்துவிட்டுத் திரும்புகையில் ரந்தெனிவெலையில் அழிந்தான். 1638 மார்ச்சில் தியோகு டி மெலோ ஆளில்லாத கண்டியை எரித்துவிட்டு, கங்கையைக் கடக்கும் நோக்குடன் கன்னொறுவைக்கு வந்தான். துறை அடைக்கப்பட்டிருந்தது, நீருக்கு வழியில்லை, லஸ்கரின் படைஞர் அகன்றனர். இரண்டாம் இராசசிங்கனின் வீரர் சூழ்ந்துகொள்ள, அப்படையில் உயிர்தப்பியோர் மிகச் சிலரே.

மூன்று போர்களையும் அடுக்கி வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகின்றது. நகரைப் பிடித்தல் கடினமாயிருக்கவில்லை. படை அழிந்தது திரும்பும் வழியில். மேசைவிளையாட்டின் அந்த அநீதியான விதி இம்மலைகளில் எழுதப்பட்டது போலவே இருக்கின்றது.

இது தற்செயலன்று. 1660 முதல் 1679 வரை கண்டியரசில் சிறையிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் அச்சான நூலில் இந்நாட்டின் வழிகளை விரித்துரைக்கின்றார். ஒருவர்பின் ஒருவராகவே செல்லத்தக்க ஒற்றையடிப் பாதைகள், கணவாய்களில் முள்ளாற் பின்னிய கடவைகள், அவற்றைக் காக்கும் காவலர் ஆகியவற்றை அவர் கூறுகின்றார். கண்டியர் திறந்தவெளியில் நின்று பொருதாது, வழிமறித்துப் பதுங்கியிருந்து தாக்குவர் என்பதும் அவர் கூற்று. காடு வெட்டப்படவில்லை; பெருவழி போடப்படவில்லை. இவற்றை மந்தமென்று எண்ணிய அயலாரும் உண்டு. புலியாட்டத்தின் கோடுகளை அரசே கீறி வைத்திருந்தது என்பதே பொருந்தும். ஒற்றையடிப் பாதையில் நீளும் படைக்கு முன்னும் பின்னும் மட்டுமே உண்டு, பக்கங்கள் பகைவனுடையவை. ஆயிரம் பேர் இருந்தாலும் ஓரிடத்தில் பொரக்கூடியவர் சிலரே.

ஒல்லாந்தரும் இப்பாடத்தைப் படித்தே தீரவேண்டியிருந்தது. கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில், 1764இல் பல வழிகளாற் புகமுயன்று தோற்ற தேசாதிபதி வான் எக், 1765 பெப்ரவரியில் கண்டியுட் புகுந்தார். மன்னன் அங்கிலன். தேசாதிபதி கொழும்புக்கு மீண்டு ஏப்ரலில் இறந்தார். விட்டுச்சென்ற காவற்படையை நோயும் பசியும் உண்ண, அது அவ்வாண்டிலேயே நகரைக் கைவிட்டது. 1766இல் செய்த உடன்படிக்கையால் ஒல்லாந்தர் கரையோரத்தை முழுதும் பெற்றனர் என்பது உண்மை. ஆனால் மலையை அவர்களாற் பிடித்து வைத்திருக்க முடியவில்லை.

குண்டசாலைக்கு அண்மையில் நிகழ்ந்து, இவ்வனைத்தையும் ஒரே வாரத்தில் காட்டுவது 1803ஆம் ஆண்டு நிகழ்ச்சி. அவ்வாண்டுத் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து மக்டவல் தலைமையிலும், திருக்கோணமலையிலிருந்து பார்பட் தலைமையிலும் புறப்பட்ட ஆங்கிலப் படைகள் பெப்ரவரியில் கண்டியிற் கூடின. நகர் வெறுமையாயிருந்தது. ஆங்கிலேயர் முத்துசாமி என்னும் நாயக்கனை அரசனெனப் பெயரிட்டு அமர்த்தினர். ஒரு கூப்பிடுதூரத்துக்கு அப்பால் அவன் ஆணை செல்லவில்லை. மழை தொடங்கிற்று, காய்ச்சல் பரவிற்று. தளபதி நோயுடன் கொழும்புக்குச் செல்ல, மேஜர் அடம் டேவி என்பார் பொறுப்பேற்றார். காவலிற் பலர் மருத்துவமனையிற் கிடந்தனர்.

யூன் 24ஆம் நாள் கண்டியர் அரண்மனையைத் தாக்கினர். அன்றே டேவி இணங்கினார். படைக்கலங்களுடன் திருக்கோணமலைக்குச் செல்லலாம், நோயாளர்கள் பேணப்படுவர் என்பது உடன்பாடு. நடக்கமுடியாத நூற்றுக்கு மேற்பட்டோர் நகரில் விடப்பட்டனர், அவர்கள் கொல்லப்பட்டனர். எஞ்சியவர் முத்துசாமியுடன் வத்தப்புழுவைத் துறையை அடைந்தபோது கங்கை பெருகியோடிற்று. படகில்லை. மூங்கிலாலும் மரத்தாலும் மிதவை கட்ட முயன்றும் கயிறு அக்கரை சேரவில்லை. ஆற்றங்கரையில் அகப்பட்டவர்களிடம் அரசனின் ஆட்கள் முத்துசாமியைக் கேட்டனர். டேவி தயங்கிப் பின் கொடுத்தார்; முத்துசாமி கொலையுண்டான். யூன் 26ஆம் நாள் ஐரோப்பியர் படைக்கலம் களையப்பெற்றுக் கொல்லப்பட்டனர். பார்ன்ஸ்லி என்னும் சிற்றதிகாரி வெட்டுண்ட கழுத்துடன் தப்பி மாத்தளைப் பக்கத்துக் கோட்டையை அடைந்து செய்தி சொன்னான். டேவி கண்டியரின் கைதியாகவே வாழ்ந்து இறந்தார்.

டேவியைக் கோழை என்றும் பேதை என்றும் ஆங்கிலேயர் பலர் எழுதினர். கண்டியரை வஞ்சகர் என்றும் எழுதினர். கொடுத்த சொல் மீறப்பட்டமையை மறைத்தற்கில்லை. ஆயுதமற்றோரைக் கொன்றமையை எவரும் புகழ வேண்டியதுமில்லை. ஆனால் நகர்வு என்னும் கண்கொண்டு நோக்குவோர்க்கு வேறொன்று புலப்படும். யூன் 24ஆம் நாள் டேவியின் முன் நல்ல நகர்வு ஒன்றேனும் எஞ்சியிருக்கவில்லை. நோயாளர்களுடன் இருந்தால் நகருக்குள் அழிவு. அவர்களைத் தூக்கிச் சென்றால் பாதி வேகம். விட்டுச் சென்றால் அவர்களுக்கு அழிவு, ஆறோ அப்போதும் முன்னே நிற்கும். பிழை யூனில் நிகழ்ந்ததன்று. மழைக்கு முன் மீளும் வழியை எண்ணாது, ஆளில்லாத ஊரை வெற்றியெனக் கொண்ட பெப்ரவரியில் நிகழ்ந்தது. புலி நான்கு மாதங்களுக்கு முன்பே அடைக்கப்பட்டுவிட்டது. கடைசி ஆடு வைக்கப்பட்ட நாளே யூன் 24.

மேசைவிளையாட்டை ஆடுவோர் பலர் சுமை விதியைத் தொல்லையென்று கைவிட்டுவிடுவர். எத்தனை காசு, எத்தனை கயிறு, எவ்வளவு அரிசி என்று எண்ணிக்கொண்டிருப்பதில் சுவையில்லை என்பது அவர் வாதம். வாதம் ஏற்கத்தக்கதே. ஆயினும் கண்டிப் போர்களில் மிக மெய்யான விதி அதுவே. ஐரோப்பியப் படையுடன் அரிசி, வெடிமருந்து, கூடாரம், நோயாளர் தூளி அனைத்தையும் சுமந்து சென்றவர் கூலிகள். அவர்கள் சுமையைப் போட்டுவிட்டுக் காட்டினுள் மறைந்த கணத்தில் படையின் கால்கள் நின்றன. கண்டியின் குடிப்படை வீரனோ தன் உணவைத் தானே சுமந்து வந்தான். தன் ஊர்ப்பாதையில் நின்றான்.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது இதற்கு எதிர்ச்சான்று போலத் தோன்றும். 1804இல் ஆறு திசைகளிலிருந்து படைகள் கண்டியிற் கூடவேண்டும் என ஒரு திட்டம் எழுந்து, பின் கைவிடப்பட்டது. மட்டக்களப்பிலிருந்த கப்டன் ஆதர் ஜோன்ஸ்டனுக்கு அச்செய்தி தெளிவாக எட்டவில்லை. அவர் ஏறத்தாழ முந்நூறு பேருடன் கிழக்கிலிருந்து மலையேறி, ஒக்டோபரில் கண்டியை அடைந்தார். வேறு படையெதுவும் அங்கில்லை. மூன்றுநாள் காத்திருந்து, பொருதுகொண்டே திருக்கோணமலைக்கு மீண்டார். இழப்பு மிகுதியாயினும் படை அழியவில்லை. 1810இல் அவர் இச்செலவை நூலாக எழுதினார். டேவியினும் அவர் வீரர் என்பது எளிய விடை. அவர் தங்கவில்லை என்பதே சரியான விடை. காய்ச்சல் பிடிக்குமுன், பாதைகள் எல்லாம் அடைபடுமுன், சிறுபடையாய் வந்து சிறுபடையாய் அகன்றார்.

1815இல் இவ்விதிகள் எல்லாம் பொய்த்தன. அதே மலை, அதே பாதை, அதே ஆறு. ஆயினும் ஆங்கிலப் படைகள் பல வழிகளாலும் ஏறத்தாழ எதிர்ப்பின்றி நடந்து பெப்ரவரி 14ஆம் நாள் கண்டியை அடைந்தன. கிழக்கே மெதமகாநுவரைப் பக்கம் ஒளித்திருந்த சிறீ விக்கிரம இராசசிங்கன் 18ஆம் நாள் பிடிபட்டான். மார்ச் 2இல் உடன்படிக்கை எழுதப்பட்டது. மன்னனை வெறுத்த பிரதானிகள் விலகி நிற்க, கடவைகளை அடைப்பாரில்லை. முள்வேலி தானே நகைத்து வழிவிடாது. ஆள் விலகினால் அது வெறும் முள். நிலமே போரை வென்றது என்று சொல்வாரும் இதனை எண்ணவேண்டும். ஆடுகள் சந்திகளில் நிற்க மறுத்தால், கோடுகள் எவ்வளவு நன்றாகக் கீறப்பட்டிருந்தாலும் புலி உலவும்.

1818ஆம் ஆண்டு ஊவாக் கிளர்ச்சியில் சந்திகள் மீண்டும் நிரம்பின; ஆங்கிலேயர் வயல்களையும் ஊர்களையும் அழித்தே அதனை அடக்கினர். அதன்பின் அவர்கள் செய்தது பலகையையே மாற்றுதல். தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு-கண்டிப் பெருவீதி கடுகண்ணாவைக் கணவாய் வழியே வெட்டப்பட்டது. 1867இல் புகைவண்டி கண்டிக்கு வந்தது. வண்டி செல்லும் வீதியில் ஒற்றையடிப் பாதையின் விதிகள் செல்லா. சுமை கூலியின் தலையினின்றும் சக்கரத்துக்கு இறங்கிற்று; நோயாளன் ஒரே நாளில் கரைநாடு சேரலாம். வீதி முதலில் படைக்காக வந்தது. கோப்பியும் தேயிலையும், அவற்றுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து நடத்திக் கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் பின்னர் அவ்வழியே ஏறினர். தொடக்கத்தில் அவர்களுட் பலர் வந்த வழி அதுவுமன்று. மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியாகக் கால்நடையாகவே வந்து, வழிநெடுக மாண்டனர். அவர்களின் நகர்வுக்கு எந்தப் பலகையிலும் கட்டம் கீறப்படவில்லை.

குண்டசாலை அரண்மனை இன்றில்லை. கண்டியிலிருந்து தென்னக்கும்புரைப் பாலத்தைக் கடந்து குண்டசாலைக்குப் பேருந்துகள் ஓடுகின்றன. பயணிகள் ஆற்றை ஏறிட்டுப் பார்ப்பதும் அரிது. வத்தப்புழுவைத் துறைக்கு அண்மையில், பொல்கொல்லையில் 1976இல் அணை எழுந்தது. டேவியின் மிதவைக் கயிறு அக்கரை சேராத அதே ஆற்றின் நீரில் ஒரு பங்கு அங்கிருந்து சுரங்கத்துட் புகுந்து, உக்குவளை மின்நிலையத்தைக் கடந்து, மாத்தளைப் பக்கத்துச் சுது கங்கையிற் சேர்கின்றது.